இது நாவல் படித்துக் கெட்ட கண் அல்ல

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், செல்விக்கு வலது கண் போனது கதைப் புத்தகம் படித்துத்தான் என்று. மளிகைக் கடையில் சொல்கிறார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் இடத்தில் சொல்கிறார்கள். பிள்ளைகள் போனைக் கையில் எடுத்தால் என்னைக் காட்டி மிரட்டுகிறார்கள், என் காதுபடவே. எனக்குக் கண்தான் ஒன்று சரியில்லை, காது இரண்டும் நன்றாகக் கேட்கிறது.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்தது விழித்திரை விலகல். நாளைக்கு உங்களில் யாருக்காவது கண்ணோரத்தில் மின்னல் அடித்தால், இதைப் படித்த ஞாபகத்தில் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவீர்கள் என்றால், அதுவே போதும்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் காதல் கதை படிப்பேன். மாயாஜாலக் கதை படிப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் சோறு வேண்டாம். கடலுக்கு அடியில் ராஜ்ஜியம், சாபத்தால் ஓநாயாகத் திரியும் இளவரசன், பாதிப் புத்தகம் வரைக்கும் கத்தியை நீட்டிச் சண்டை போட்டுவிட்டு அப்புறம் முத்தம் கொடுத்துக்கொள்ளும் எதிரிகள். பள்ளிக்கூட நாளில் மாத நாவல், இப்போது போனில் தொடர்கதை, சம்பளம் வந்தால் தலையணை மாதிரி ஒரு புத்தகம். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் இப்படிப் படிக்கிறேன் என்று சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்னாலிருந்தே படிக்கிறேன், அதற்கு என்ன சொல்வார்களோ.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வண்டிகளுக்குப் போகும் ரப்பர் வளையத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்டு இருந்தால் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்கக் கறுப்பு வளையத்தைப் பார்த்தவளுக்குச் சாயங்காலம் ஒரு பறக்கும் குதிரை தேவைப்படும். இதை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் தாமோதரன், எனக்குத் தாமு, அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் வெல்டர். நாங்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள். அவர் படிப்பது பேப்பரில் கிரிக்கெட் பக்கம் மட்டும். அப்புறம் என் அக்கா பரிமளா. வேப்பம்பட்டில் இருக்கிறாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். என் கதைப் புத்தகங்களை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தவளும் அவள்தான்.

கண்ணில் முதலில் வந்தது கொசு. வெளிச்சத்தைப் பார்த்தால் கரித்தூள் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் மிதந்தன. கையால் விரட்டினேன், போகவில்லை. சில நாள் கழித்துக் கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னியது. தூரத்தில் யாரோ வெல்டிங் அடிப்பது போல.

"உன் பட்டறை ஊட்டுக்குள்ளயே வந்துடுச்சியா. கண்ணுல பொறி பறக்குது" என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"தூக்கமில்ல உனக்கு. சீக்கிரம் படு" என்றார்.

படுத்தேன். மறுநாளும் வேலைக்குப் போனேன். அந்த வாரக் கடைசியில் வளையத்தைத் தூக்கிப் பார்க்கும்போது அதன் கீழ்ப்பாதி இல்லை. கையை இறக்கினேன், ஏற்றினேன். கீழேயிருந்து கறுப்புத் தண்ணீர் ஏறி நிற்பது மாதிரி இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வலது கண்ணில் மேசையே இல்லை, எதிரே இருந்த சூப்பர்வைசருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கண்ணாடி வாங்கும் கடைக்காரர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "இது கண்ணாடி மாத்துற விஷயம் இல்லம்மா. ரெட்டினா டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போங்க. நாளைக்கு வேணாம்" என்றார். கடை வாசலிலிருந்தே தாமுவுக்கும் அக்காவுக்கும் போன் போட்டேன்.

பூந்தமல்லி சாலையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. தாமு வேலை உடுப்போடு வந்துவிட்டார், சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டை. அக்கா வேப்பம்பட்டிலிருந்து ரயிலும் ஷேர் ஆட்டோவும் மாறி, தயிர்சாத டப்பாவோடு வந்து சேர்ந்தாள்.

கண் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடம் வேறு மாதிரி. கண்மணியை விரியவைக்கச் சொட்டு மருந்து விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அதனால் கூடம் நிறைய ஜனங்கள் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள், ஏதோ ஒன்று மேலேயிருந்து இறங்கிவரப் போவது போல. அரை மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து மறுபடியும் சொட்டு விட்டுப் போவார். கண்ணைத் திறந்தால் எல்லாம் பனி. பக்கத்தில் இருப்பது அக்கா என்பது தயிர்சாத வாசனையில்தான் தெரிந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கம்பி நுனியால் என் கண் உருண்டையை ஓரத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலித்தது. பிறகு விளக்கைக் கழற்றிவிட்டு எங்கள் மூவருக்கும் புரியும்படி சொன்னார்.

"கண்ணோட பின்சுவத்துல மெல்லிசா ஒரு திரை ஒட்டியிருக்கும். நாம பார்க்கிறது அதுலதான் விழும். உங்களுக்கு அந்தத் திரையில மேல ஓரமா கிழிஞ்சிருக்கு. கிழிசல் வழியா தண்ணி உள்ள போய், ஈரச் சுவத்துல ஒட்டுன காகிதம் மாதிரி திரை கழண்டு வந்திருக்கு. அதைத் திரும்ப ஒட்ட வைக்கணும். ஆபரேஷன்தான்."

"பார்வை பழையபடி வருமா டாக்டர்?" என்றார் தாமு.

"நடுப்பகுதியும் கழண்டிருக்கு. முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். விட்டா முழுசா போயிடும், அதைச் சொல்லலாம்."

அக்காதான் ஆரம்பித்தாள். "இவ எப்ப பாரு பட்சிகினே இருப்பா டாக்டர். போனு, பொஸ்தகம், போனு. அதால வந்ததுதானே இது? நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டா."

"இல்லம்மா. படிக்கிறதால விழித்திரை கிழியாது. இவங்களுக்கு மைனஸ் பவர் ரொம்ப ஜாஸ்தி. அப்படிப்பட்டவங்களுக்குக் கண் உருண்டை நீளமா இருக்கும், திரை இழுபட்டு மெலிஞ்சிருக்கும். பொறப்புலயே உள்ள அமைப்பு. புத்தகத்தையே தொடாதவங்களுக்கும் வருது."

"கேட்டியாக்கா?" என்றேன்.

அக்கா கேட்கவில்லை. வெளியே வந்ததும் தாமுவிடம், "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி. அந்தக் கதையில நிழலு நிழலுன்னு பட்சா, கண்ணுல நிழலு வந்து உக்காந்துச்சி" என்றாள்.

அந்த நிழல் கதையையும் சொல்லவேண்டும். அப்போது நான் பாதியில் வைத்திருந்த நாவல் அது. கடல்நாட்டு ராணிக்கும் மலைநாட்டு ஒற்றனுக்கும் காதல். ஒற்றன் தன் தம்பியின் உயிரைக் காப்பாற்ற ஒரு மந்திரக்காரியிடம் தன் நிழலை விற்றுவிட்டான். அது கைமாறி ராணியின் பெட்டிக்கு வந்துவிட்டது. நிழல் இல்லாதவன் எல்லையைத் தாண்ட முடியாது. ராணி நிழலைக் கொடுத்தால் அவன் ஊருக்குப் போய்விடலாம். கொடுக்காவிட்டால் அவளருகிலேயே இருப்பான், ஆனால் கைதியாக. அவனை உயிராக நேசிக்கிறாள். என்ன செய்வாள்? சரியாக இந்த இடத்தில்தான் என் கண்ணில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு இருந்த பயங்களில் அதுவும் ஒன்று, அவள் என்ன செய்தாள் என்று தெரியாமலே போய்விடுமோ என்று. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் செலவில் பெரும் பங்கைக் கம்பெனிக் காப்பீடு ஏற்றது. மிச்சத்துக்கு அக்கா என்னைக் கேட்காமலே தன் வளையலைக் கழற்றித் தாமுவின் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாள். திட்டுவதும் அவளே, கொடுப்பதும் அவளே. இதை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே ஊசி போட்டுக் கண்ணை மட்டும் மரக்கவைத்தார்கள். முகத்தைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். வலி தெரியாது என்றார்கள், தெரியவில்லை. ஆனால் பார்வை முழுக்க அணைந்துவிடும் என்று நானாக நினைத்திருந்தேன். அணையவில்லை.

முதலில் வெறும் மஞ்சள் வெளிச்சம். அதற்குள் ஒரு பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு கோல் நுழைந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. கண்ணுக்குள் இருக்கும் பாகு போன்ற பொருளை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது புகைபோலச் சுழன்று அந்தக் கோலின் வாய்க்குள் போவதை என் கண்ணே பார்த்துக்கொண்டிருந்தது.

"கோலு தெரியுது டாக்டர்" என்றேன் துணிக்கு அடியிலிருந்து.

"தெரியட்டும். தலையை மட்டும் ஆட்டாதீங்க."

ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பச்சைப் பச்சையாக மின்னல் வெட்டியது, கிழிசலைச் சுற்றி லேசர் வைக்கிறார்கள். கடைசியில் காற்று உள்ளே போனபோது எல்லாம் வெள்ளியாக உருகி உருண்டு, ஒன்றும் தெரியாமல் போயிற்று. எத்தனையோ குகைக்குள்ளும் கடலுக்குள்ளும் கதைகளில் போய் வந்திருக்கிறேன். பயந்து நடுங்கிக்கொண்டிருந்தபோதும் எனக்குள் ஒருத்தி, இதை விடாதே, பார், நன்றாகப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படிப் பார்க்கப் பழக்கியது அந்தப் புத்தகங்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆபரேஷனைவிடக் கஷ்டம் அதற்குப் பிறகு. கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்திருந்தார்கள். வாயு எப்போதும் மேலே ஏறும். பின்சுவரில் ஒட்டிய திரையை அது அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும். அதாவது முகம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் அப்படித்தான், குளியலறைக்கு நடக்கும்போதும் அப்படித்தான். கழுத்து இற்று விழுகிற மாதிரி வலிக்கும். மூக்கு ஒழுகும். கன்னம் தலையணையில் அழுந்தி மரத்துப்போகும்.

கட்டிலோரத்தில் நெற்றியை வைத்துக் கிடந்தால் தெரிவதெல்லாம் கால்கள். ஆட்களைக் காலை வைத்து அடையாளம் கண்டேன். கறுப்பு ஷூவில் பொறி பட்ட தழும்பு என்றால் தாமு. வெள்ளைச் செருப்பு டாக்டர். வெடித்த குதிகால், தேய்ந்த மெட்டி என்றால் அக்கா. முதல் நாள் அவள் என்னிடம் பேசிப் பார்த்தாள், என் முகம் தெரியவில்லை. சட்டென்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். கட்டிலுக்குக் கீழேயிருந்து என் முகத்தைப் பார்த்தபடி ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள்.

"தோ பாரு, என்னைப் பாரு. அயாத. அயுதா கண்ணு கெட்டுடும்" என்றாள். அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

கஞ்சி முடிந்ததும் போனில் சாமி பாட்டுப் போட்டாள்.

"அது வேணாங்க்கா."

"வேற இன்னா வேணும்?"

"அந்த நாவலை யாராவது படிச்சிக் காட்டுங்க."

மெட்டிக் கால் விருட்டென்று திரும்பி வெளியே போய்விட்டது. கறுப்பு ஷூ மட்டும் நின்றது.

"எதுக்கு அவகிட்ட கேட்ட?" என்றார் தாமு. "நான் படிக்கிறேன். எங்க உட்ட?"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். ராணி பேசுவதும் ஒற்றன் பேசுவதும் ஒரே குரல். அது எனக்குப் போதுமாக இருந்தது. கடற்கரை மண்டபத்தில் இருவரும் தனியாகச் சந்திக்கும் இடம் வந்தது. அவர் வேகம் குறைந்தது.

"அவன் அவள் கையைப் பிடித்தான். அவள்... அப்பறம் ரெண்டு பேரும் பேசிகினு இருந்தாங்க. மறுநாள் காலையில்..."

"யோவ். நடுவுல இன்னாத்தையோ முயுங்கிட்ட."

"ஒண்ணும் இல்ல."

"பக்கம் திருப்புற சத்தம் ரெண்டு வாட்டி கேட்டுச்சி. ஒயுங்கா படி."

"வார்டுல அத்தினி பேரு கீறாங்க செல்வி."

அடுத்த கட்டிலில் இருந்தவர் ராணியம்மா. சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். சர்க்கரை வியாதியால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து வந்திருந்தார். அவருக்கும் குப்புறப் படுக்கைதான். அதுவரை தூங்குவதாகத்தான் நினைத்திருந்தோம்.

"நைனா" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாங்கல்லாம் புள்ள குட்டி பெத்தவங்கதான். நீ வுடாம படி. என் பேருள்ளவ இன்னா பண்ணான்னு நானும் தெரிஞ்சிக்கணும்."

அந்தப் பக்கத்தை அவர் படித்தார். இவ்வளவு அவசரமாக, இவ்வளவு தட்டையாக ஒரு முத்தக் காட்சியை உலகத்தில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மீட்டர் ரீடிங் சொல்வது போலச் சொன்னார். வார்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கக் கூடாது, கண் குலுங்கும். தலையணையைக் கடித்துக்கொண்டேன். அதன்பிறகு தினமும் வேலை முடிந்து அவர் வருவதற்கு வார்டே காத்திருந்தது. ராணியம்மா வீட்டுக்குப் போகும் நாளில் என் கட்டிலுக்கு வந்து, கதை எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு, "அவ குடுக்கக் கூடாது. குடுத்தா போயிடுவான். ஆம்பளைங்கள எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதை முடியுமுன்பே நானும் வீடு திரும்பினேன். கண் ஆறியதும் மிச்சத்தை நானே படித்துக்கொள்கிறேன் என்று தாமுவை நிறுத்திவைத்தேன். வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கண்ணுக்குள் ஒரு நீர்மட்டக் கோடு தெரிந்தது. தலையை அசைத்தால் அதுவும் ஆடும். தாமு அதற்குக் கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தின் பேரை வைத்தார், தினமும் மட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்பார். கோட்டுக்கு மேலே உலகம் மங்கலாகத் திரும்பி வந்தது. ஜன்னல் கம்பி தெரிந்த அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

அப்புறம் ஒரு காலையில் பல் துலக்கும்போது, மூக்குப் பக்கத்திலிருந்து மறுபடி கறுப்பு நுழைந்தது.

ஒட்டிய திரையின் மேல் தழும்புத் திசு வளர்ந்து, காயம் ஆறும்போது தோல் சுருங்குமே அதுபோலச் சுருங்கித் திரையை இழுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சிலருக்கு அப்படி ஆகுமாம், யாருடைய தப்பும் இல்லையாம். மறுபடியும் ஆபரேஷன். இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய், அது தானாகக் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு தடவை திறந்து எடுக்க வேண்டும். இடது கண்ணிலும் திரை அங்கங்கே மெலிந்திருப்பதாகக் கண்டுபிடித்து, அந்த இடங்களைச் சுற்றி லேசரால் சின்னச் சின்னச் சூடு வைத்து வேலி போட்டார்கள்.

இரண்டாம் முறை குப்புறக் கிடந்தபோது யாரும் எனக்குக் கதை படிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தாமு வந்தார், கழுத்துக்கு எண்ணெய் தேய்த்தார். கட்டு அவிழ்த்தபோது டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டார். திரை ஒட்டிவிட்டது, ஆனால் நடுப்பகுதி இரண்டு தரம் அடிபட்டிருக்கிறது. வலது கண்ணுக்கு ஆள் தெரியும், கடைப் பலகையில் இருக்கும் பெரிய எழுத்து தெரியும். அச்செழுத்து தெரியாது. இனி தெரியவும் தெரியாது.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாமா தொண்டையைக் கனைத்தார். பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"இதோ பாரும்மா" என்றார் மாமா. "ஒரு கண்ணு போனது போச்சி. மிச்சம் ஒண்ணுதான் கீது. அத்த வச்சி காலத்துக்கும் ஓட்டணும். இந்தக் கதை கிதையெல்லாம் இன்னியோட வுட்டுடு."

"டாக்டர் படிக்கக் கூடாதுன்னு சொல்லலையே மாமா."

"டாக்டரா உன்னை ஊட்டுல வச்சி பார்க்கப் போறாங்க?" என்றாள் அக்கா. "உனக்கு அந்தக் கண்ணும் போச்சின்னா நான் யாரைப் போய் கேப்பேன்? அம்மா உன்னை என் கையில குட்த்துட்டு போச்சி. அந்தப் பொஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டேன். போறப்ப பேப்பர் கடையில போட்டுட்டு போறேன்."

கதவோரத்தில் அரிசிச் சாக்கு நின்றது. வாய் கட்டியிருந்தது.

நான் தாமுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வுட்டுடு செல்வி" என்றார். "கொஞ்ச நாளைக்காவது வுடேன்."

அக்கா சொன்னது எனக்குப் பழக்கம். இவர் சொன்னது ஊசியைவிட ஆழமாக இறங்கியது. எழுந்து நின்றேன். ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம் சரியாகத் தெரியாது, மேசை விளிம்பில் இடித்துக்கொண்டேன். அந்த வலியும் சேர்ந்துகொண்டது.

"எதுக்குப் பத்திரமா வக்கிறது? சொல்லுங்க. கண்ணு இன்னா நகையா, பீரோவுல பூட்டி வச்சிட்டு விசேசத்துக்குப் போட்டுக்க? வளையம் பார்க்கலாம், அரிசியில கல்லு பொறுக்கலாம், டிவி பார்க்கலாம், அதுக்கெல்லாம் தேயாதா? எனக்குப் புட்ச்சத பார்த்தா மட்டும்தான் தேயுமா? நான் சாராயமா குட்ச்சேன்? யார் குடியையாவது கெட்த்தேனா? நாள் பூரா நின்னு வேலை செஞ்சிட்டு வந்து கதை பட்சேன். அவ்ளோதான். நாளைக்கே இந்தக் கண்ணும் போவுதுன்னு வையி. அதுக்குள்ள எத்தினி புக்கு முடியுமோ அத்தினியும் நான் பட்சிருக்கணும். அதை வுட்டுட்டு கண்ணை மூடிகினு உக்காந்தா, போறதுக்கு முன்னாடியே போனா மாதிரிதானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தினி நாளு கெட்ந்தேன். அந்த ராணி நிழலைத் திருப்பிக் குட்த்தாளா இல்லியான்னு கூட எனக்குத் தெரியாது" என்றேன்.

"குட்த்துட்டா" என்றார் தாமு.

மாமா அவரைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?" என்றாள் அக்கா.

தாமு ஃபேனைப் பார்த்தார். வெல்டிங்குக் கண்ணாடி இல்லாமல் பொறிக்கு முன்னால் நிற்பவர் போல முகம் சிவந்திருந்தது.

"யோவ்" என்றேன். "நான் இல்லாம படிச்சி முடிச்சிட்டியா?"

"இல்ல செல்வி... அன்னிக்கு ரெண்டாவது ஆபரேசன்ல உன்னை உள்ள கூட்டிகினு பூட்டாங்க. ரொம்ப நேரம் ஆச்சி. ஒர்த்தரும் வெளிய வர்ல. நெஞ்செல்லாம் படபடன்னு அட்ச்சிக்குது. உன் பையில அந்த புக்கு கீது. எடுத்தேன். பட்ச்சா அந்த நேரம் மட்டும் கொஞ்சம் அடங்குச்சி. நிறுத்துனா மறுபடி அட்ச்சிக்குது. அதான்... நிறுத்தாம பட்ச்சிட்டேன்."

"அப்பறம் எதுக்கு என்னை வுட்டுடுன்னு சொல்ற?"

"பயமா கீதுடி. வேற இன்னா?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமா, "அப்ப அவன் ஊருக்குப் பூட்டானா?" என்று கேட்டுவிட்டு, அக்கா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லாத" என்று நான் கத்தினேன். "ஒரு வார்த்தை சொன்ன, ஊட்டுல சோறு கிடையாது."

நானே போய்ச் சாக்கின் கட்டை அவிழ்த்தேன். முடிச்சு கண்ணுக்கு ஒரு இடத்திலும் கைக்கு வேறு இடத்திலும் இருந்தது. தடவித் தடவிப் பிரித்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை.

அடுத்த பரிசோதனைக்கு நான் தனியாகப் போனேன். தாமு லீவு போடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பஸ் படி எவ்வளவு உயரம் என்று தெரியாமல் காலை இருமுறை தேடி ஏறினேன். டாக்டரிடம் நேரடியாகக் கேட்டேன்: நான் நாவல் படிக்கிறவள், நிறையப் படிக்கிறவள், படிக்கலாமா?

"படிங்க" என்றார். "எழுத்தைப் பெரிசு பண்ணிக்கோங்க, கண்ணு சோர்ந்தா ஓய்வு குடுங்க. ஆனா அந்த மின்னலோ புதுசா கரும்புள்ளியோ தெரிஞ்சா, புத்தகத்தைப் போட்டுட்டு அன்னிக்கே இங்க வரணும். இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

சரி என்றேன். அதை மட்டும் எல்லாருக்கும் சொல்கிறேன். தெருவில் என்னைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்களே, மிரட்டத்தான் வேண்டுமென்றால் அந்த மின்னலைச் சொல்லி மிரட்டுங்கள். கண்ணாடி தடிமனாகப் போட்டிருக்கும் பிள்ளையாக இருந்தால், வருஷத்துக்கு ஒரு தரம் சொட்டு விட்டுத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணுக்குள் இருந்த எண்ணெயை எடுத்தாயிற்று. வலது கண்ணில் நேர்கோடு எல்லாம் வளைந்து தெரிகிறது, கதவுகூட இடுப்பொடிந்து நிற்கிறது. கம்பெனியில் என்னை இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். முதல் வாரம் அந்தப் பழைய மேசையைத் தாண்டிப் போகும்போது வயிறு எரிந்தது. இப்போதும் கொஞ்சம் எரியும். அது பெரிய நஷ்டமில்லை என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த நாவலை இடது கண்ணால் நானே முடித்தேன். கடைசி அத்தியாயத்துக்குத் தாமுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அவருக்கு முடிவு தெரியும், இருந்தாலும் உட்கார்ந்தார். ராணி நிழலைக் கொடுத்தது சரிதான் என்பது என் கட்சி. எல்லையைத் தாண்டும் முன் ஒரு தடவையாவது ஒற்றன் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்னும் அது தீரவில்லை.

இப்போது ஞாயிறு மத்தியானம். புதிதாக ஒரு புத்தகம், தடியானது, முதல் பாகம்தான், இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது. பனி மலையில் ஒரு வைத்தியக்காரி, அவளைச் சிறைபிடிக்க வந்தவன் காயம்பட்டு அவள் குடிசை வாசலிலேயே விழுந்திருக்கிறான். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாள். போன் அடிக்கிறது. அக்காதான். கண் எப்படி இருக்கிறது, படிக்கிறாயா என்று கேட்பாள். ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறேன், ஆனால் இந்தப் பக்கம் முடிந்த பிறகு.